யந்திரத்தின் இரட்டைப் பிள்ளை

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து கலந்துகொண்ட ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு. கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் அவற்றுக்குச் சொன்ன பதில்களும் இடையிடையே சேர்க்கப்பட்டிருக்கின்றன.)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்தின் பெயரைக் கேட்டதுமே பின்வரிசையில் சிலர் சிரித்தீர்கள். "டிஜிட்டல் ட்வின்" என்பது வாயில் நுழையவில்லை என்றீர்கள். எனக்கும் முதலில் நுழையவில்லை. முப்பது வருஷம் பஞ்சாலையில் மின்சாரப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மோட்டாரின் மேல் கையை வைத்தால் அது எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லுவேன். கம்ப்யூட்டரைத் தொட்டால் எனக்குத்தான் சூடு ஏறும். ஆனாலும் இந்தச் சரக்கு நம்முடைய ஆலைகளுக்குள் வந்துவிட்டது. வயலுக்கும் வந்துகொண்டிருக்கிறது. "இதனால் புகை குறையும், பூமியின் சூடு தணியும்" என்று சொல்லிக்கொண்டு வருகிறது. அது மெய்யா பொய்யா, மெய் என்றால் எவ்வளவு தூரம் மெய் என்று பார்க்காமல் கதவைத் திறந்துவிடுவதும் தவறு. பார்க்காமல் சாத்துவதும் தவறு.

ட்வின் என்றால் இரட்டைப் பிள்ளை. ஆலையில் ஒரு யந்திரம் ஓடுகிறது. அதே யந்திரம் கம்ப்யூட்டருக்குள்ளே வெறும் கணக்காக ஓடுகிறது. "வரைபடம் மாதிரியா?" என்று கேட்கலாம். இல்லை. ஆலை கட்டியபோது போட்ட வரைபடம் பேரிங் தேய்ந்தாலும் மாறாது, பெல்ட் தளர்ந்தாலும் மாறாது. இரட்டைப் பிள்ளை அப்படியல்ல. யந்திரத்தில் ஒட்டவைத்திருக்கும் அளவுமானிகள் சூடு, வேகம், ஈரம், கரண்ட் எல்லாவற்றையும் விநாடிக்கு விநாடி அனுப்பிக்கொண்டே இருக்கும். மூத்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் இளையவனுக்கும் உடம்பு சுடும். மூத்தவனுக்கு எந்த மருந்து கொடுக்கலாம் என்று தெரியாவிட்டால், முதலில் இளையவனுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். கெட்டுப்போனால் போவது வெறும் கணக்கு, யந்திரம் பிழைத்தது. இவ்வளவுதான் சங்கதி.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? 1970 ஏப்ரலில் அமெரிக்காவின் அப்போலோ 13 விண்கலம் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு சந்திரனுக்குப் போயிற்று. வழியில், பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, ஆக்ஸிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. கரண்ட் இல்லை, தண்ணீர் போதாது, குளிர். என்ன செய்வது? கலத்தைப் போலவே செய்த பயிற்சிக் கூடுகள் தரையில் இருந்தன. ஜெர்மன் அம்மை வரக்கூடும் என்ற ஐயத்தால் கடைசி நேரத்தில் பயணத்திலிருந்து நிறுத்தப்பட்ட கென் மேட்டிங்லி என்பவரும் தரையில் நடந்த இந்த வேலையில் சேர்ந்துகொண்டார். மிச்சமிருக்கும் கொஞ்சம் கரண்டை வைத்து எந்த ஸ்விட்சை முதலில் போடுவது, எதை அடுத்துப் போடுவது என்று தரையிலே செய்து பார்த்து மேலே சொன்னார்கள். மூவரும் உயிரோடு திரும்பினார்கள். அந்தக் கூடு இரும்பால் ஆனது. பிறகு 2002ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் என்பவர், ஒவ்வொரு பண்டத்துக்கும் இப்படிக் கணக்காலேயே ஒரு ஜோடி இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னார். 2010ல் நாசா தன் திட்ட அறிக்கையில் எழுதிய பிறகு "டிஜிட்டல் ட்வின்" என்ற பெயர் உலகமெங்கும் பரவிற்று.

சரி, இதற்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்? நம்முடைய ஸ்பின்னிங் மில்லில் புகைபோக்கியே இல்லையே?

இருக்கிறது, தோழர்களே. மேட்டூரில் இருக்கிறது, தூத்துக்குடியில் இருக்கிறது, நெய்வேலியில் இருக்கிறது. நம் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட் கரண்ட் செலவானால் சராசரியாகச் சுமார் 700 கிராம் கரியமில வாயு வானத்துக்குப் போகிறது. ஆலையில் வீணாக ஓடும் ஒரு மின்விசிறி இங்கே புகைவிடாது, மேட்டூரில் விடும்.

மில்லில் கதிர் ஓடும் பிரேம்கள்தான் கரண்டை அதிகம் குடிக்கின்றன. அடுத்தபடி ஈரக்காற்று ஊதும் ஹியூமிடிபிகேஷன் பிளாண்டையும் கம்பிரஸரையும் சொல்லலாம். இந்த ஊதுவிசிறிகளைப் பற்றி ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். விசிறியின் வேகத்தை நூறிலிருந்து எண்பதாகக் குறைத்தால் கரண்ட் எவ்வளவு குறையும்? இருபது என்று சொல்லத் தோன்றும். இல்லை! ஏறக்குறைய பாதியாகக் குறையும். வேகத்தை வேகத்தால் பெருக்கி, மறுபடியும் வேகத்தால் பெருக்க வேண்டும். எண்பது நூறாம் பங்கை அப்படி மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள், ஐம்பத்தொன்று வரும். மணிக்கு நூறு யூனிட் குடித்த விசிறி ஐம்பத்தொரு யூனிட்டோடு நின்றுவிடும். நாற்பத்தொன்பது யூனிட் மிச்சம். மணிக்கு முப்பத்து நாலு கிலோ கரியமில வாயு குறைந்தது. ஒரு பைசாக் கூலியை வெட்டாமல், ஒரு கதிரை நிறுத்தாமல் கிடைத்த மிச்சம் இது. இதை நான் பழிக்க மாட்டேன்.

ஆனால் எப்போது குறைப்பது, எவ்வளவு குறைப்பது? ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வரும்போது ஒரு கணக்கு. சித்திரை வெயிலில் இன்னொரு கணக்கு. எல்லாப் பிரேமும் ஓடினால் ஒரு சூடு, பாதி நின்றால் வேறு சூடு. காற்றில் ஈரம் குறைந்தால் பஞ்சு காய்ந்து இழை அறும். ஈரம் மிஞ்சினால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொள்ளும். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இத்தனையையும் சேர்த்துக் கணக்குப் போட மனித மூளையால் முடியும்; ஆனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ராத்திரி பூராவும் போட முடியாது. இரட்டைப் பிள்ளை போடும்.

இங்கேதான் நான் கண்ணால் கண்ட ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஆலையின் பெயர் வேண்டாம். அந்த ஆலையில் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். முதல் மாதமே மின்சார மீட்டர் இறங்கிற்று. ஆபீசில் ஒரே குதூகலம். ஆனால் ஸ்பின்னிங்கில் கடைசிச் சந்தில் வேலை பார்த்த சைடர் அம்மாக்கள், "இழை அறுந்துகொண்டே இருக்கிறது, நடந்து நடந்து கால் போகிறது, சந்து நெருப்பாகக் கொதிக்கிறது" என்றார்கள். ஆபீசில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கம்ப்யூட்டரில் ஈரம் சரியாக இருக்கிறதே அம்மா!" என்றார்கள். இழை அறுவது கண் முன்னால். கம்ப்யூட்டர் சொல்வது கண்ணாடிக்குப் பின்னால். எதை நம்புவது? பத்து நாள் இப்படியே போயிற்று. கடைசியில் பிட்டர் ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பார்த்தார். ஈரம் அளக்கும் மானியை எங்கே தொங்கவிட்டிருந்தார்கள்? கேபிள் இழுக்கச் சுளுவாக இருக்கிறது என்று, குளிர்காற்று வந்து விழுகிற வாய்க்குப் பக்கத்திலேயே! அந்த மானிக்கு எப்போதும் மார்கழி மாதம். கடைசிச் சந்துக்கு எப்போதும் அக்கினி நட்சத்திரம். மானியை நகர்த்தி, இன்னும் நாலைக் கூடுதலாகப் போட்ட பிறகு வேலை ஒழுங்காயிற்று. மீட்டர் கொஞ்சம் ஏறிற்று. ஏறியும் பழைய கணக்கைவிடக் குறைவாகவே இருந்தது.

இரட்டைப் பிள்ளை பொய் சொல்லவில்லை, தோழர்களே. தனக்குக் காட்டியதைச் சொல்லிற்று. கடைசிச் சந்தை அதற்கு யாரும் காட்டவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். அதனிடம் என்ன கேள்வி கேட்கிறோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும். "கரண்ட் எப்படிக் குறையும்?" என்று மட்டும் கேட்டால், "காற்றை நிறுத்து" என்று சொல்லும். பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து இருமுகிற மனிதன் அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. "இந்தச் சூட்டுக்கு மேல் போகக் கூடாது, இந்த அளவுத் தூசிக்கு மேல் கூடாது, இந்த வரம்புக்குள்ளே கரண்டைக் குறை" என்று கேட்டால், அந்த வரம்புக்குள்ளேதான் வழி தேடும். கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த வரம்பை எழுதும் கை யாருடைய கை என்பதில்தான் நம்முடைய காரியம் இருக்கிறது.

(கேள்வி: ஆள்குறைப்பு வருமா?)

நேர்மையாகச் சொல்கிறேன். இது இழை பிடிக்காது, கண்டு மாற்றாது. ஆனால் சுற்றி வந்து பேரிங் சூடு பார்க்கிறவர், மீட்டர் குறிக்கிறவர், இவர்கள் வேலையில் கைவைக்கும். அது ஒன்று. இன்னொன்று, யந்திரத்தை அளக்க வந்த மானி மனிதனையும் அளக்கத் தொடங்கும். எந்தச் சைடர் எத்தனை நிமிஷம் சந்தில் இல்லை என்பதையும் அதே கம்பி வழியாக அனுப்பலாம். புகை குறைக்க அதற்கு என்ன அவசியம்? ஒன்றும் இல்லை. ஆகவே எது அளக்கப்படுகிறது என்ற ஜாபிதாவை ஆலை வாசலில் ஒட்டச் சொல்லிக் கேட்பது நியாயமான கோரிக்கை. ஜாபிதாவில் ஆள் பெயர் இருக்கக் கூடாது.

கம்பிரஸர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில், அமுக்கிய காற்றில் நூற்றுக்கு இருபது முப்பது பங்கு ஓட்டை வழியாகவே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க லட்சக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. யந்திரங்கள் எல்லாம் நிற்கிற நாளில் கம்பிரஸரை மட்டும் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். யாரும் காற்றை உபயோகிக்கவில்லை. ஆனாலும் அது இரண்டு நிமிஷம் சுமையேறி ஓடுகிறது, ஆறு நிமிஷம் சும்மா சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டில் இரண்டு. அதாவது நாலில் ஒரு பங்கு காற்று ஓட்டையில் போகிறது. பழைய பிட்டர்களுக்கு இது தெரியும். ஓட்டைக் குழாயை அடைக்காமல் இரட்டைப் பிள்ளை வாங்குவது, ஒழுகுகிற கூரைக்கு அடியில் மழைமானி வைப்பது போல.

நிலக்கரி மின்நிலையத்திலும் இதே கதைதான். கொதிகலனில் காற்று குறைந்தால் கரி அரைகுறையாக எரியும். காற்று மிஞ்சினால் சூடெல்லாம் புகைபோக்கி வழியே ஓடிவிடும். நடுவில் ஒரு நிலை உண்டு. கரியின் தரம் மாற மாற அதுவும் மாறும். அதைக் கணக்கு பிடித்துத் தரும். மிச்சம் உண்டு. ஆனால் எரிவது கரிதான்.

சிமெண்டைப் பாருங்கள். அரியலூர்ப் பக்கத்துத் தோழர்களுக்குச் சுண்ணாம்புக்கல் தெரியும். சிமெண்டு செய்யும்போது வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுடும்போது அந்தக் கல்லே வாயுவைக் கக்குகிறது. சூளைக்கு எத்தனை அருமையான இரட்டை செய்தாலும் கல்லின் குணத்தை மாற்ற முடியாது. அதற்குக் கலவையை மாற்ற வேண்டும். சுவிட்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய மூன்று நாட்டு ஆராய்ச்சியாளர்கள், நம் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ளவர்களும் சேர்ந்து, சுட்ட களிமண்ணையும் சுடாத சுண்ணாம்புக்கல்லையும் கலந்து ஒரு சிமெண்டு செய்திருக்கிறார்கள். வாயு நூற்றுக்கு நாற்பது வரை குறைகிறது. எந்தக் கணக்கு எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் உதவாது என்று தெரிந்து பேசுவதற்காக இதைச் சொன்னேன். விற்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

அவர் சொல்லாத இன்னொரு விஷயம் மிகப் பழையது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி யந்திரம் பழைய யந்திரத்தைவிட மிகக் குறைந்த கரியில் ஓடிற்று. அதனால் இங்கிலாந்தில் கரிச் செலவு குறைந்ததா? இல்லை! கரியால் ஆகும் வேலை மலிவானதும் ஆயிரம் புது இடங்களில் யந்திரம் வைத்தார்கள். கரிச் செலவு மலைபோல ஏறிற்று. வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர் 1865லேயே இதை எழுதிவிட்டார். ஒரு கிலோ நூலுக்கு ஆகும் கரண்ட் குறையும். மிச்சத்தில் இன்னும் பத்து பிரேம் போடுவார்கள். மொத்தப் புகை ஏறும். நம் சர்க்கார் 2012ல் தொடங்கிய ஆலை மின்சிக்கனத் திட்டமும், 2023ல் அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டமும் உற்பத்தி அலகுக்கு எவ்வளவு என்றுதான் கணக்குப் பார்க்கின்றன.

இதற்காக நாம் நூல் நூற்காமல் இருக்க முடியுமா? முடியாது. இந்தியாவில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் இரண்டு டன் கரியமில வாயு. அமெரிக்காவில் அதைப்போல ஆறேழு மடங்கு. விளக்கு இல்லாத வீட்டுக்கு விளக்கு வர வேண்டும், அது நியாயம். ஆகவே கிலோவுக்கு எவ்வளவு என்ற கணக்கும், மொத்தம் எவ்வளவு என்ற கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டுகிற பலகையை நம்பாதீர்கள். மொத்தம் குறைய வேண்டுமானால் கரிக்குப் பதில் காற்றும் வெயிலும் வர வேண்டும். தமிழ்நாட்டில் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அவை பெரிதும் சுழல்வது மே முதல் செப்டம்பர் வரை. காற்று எப்போது எழும், எப்போது விழும் என்று முன்கூட்டிச் சொல்லி, அதற்கேற்றபடி மற்ற நிலையங்களை இயக்குவதற்கு மின்கட்டமைப்புக்கே ஒரு இரட்டை செய்து வைத்தால், அது மெய்யான உபயோகம். எனக்குக் கேட்டால் ஆலைக்குள் மாட்டுவதைவிட இது பெரிய காரியம் என்பேன்.

இனி வயலுக்கு வருவோம். டெல்டாத் தோழர்கள் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறீர்கள்.

தண்ணீர் நின்ற சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகள் மக்கிய வைக்கோலைத் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. சேற்றில் கால் வைத்தால் குமிழி வருகிறதே, அதில் இருப்பது பெரும்பாலும் அதுதான். நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போலச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். மனிதனால் எழும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நெல் வயலிலிருந்து வருகிறது. இதைக் கேட்டதும், "அமெரிக்காக்காரன் கார் ஓட்டுவான், நாங்கள் சோறு தின்னக் கூடாதா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். சோற்றை நிறுத்தச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் காட்டிய வழி ஒன்று இருக்கிறது: தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காமல், ஒருமுறை பாய்ச்சி, வடியவிட்டு, மறுபடி பாய்ச்சுவது. மீத்தேன் ஏறக்குறைய பாதியாகும். தண்ணீரில் நூற்றுக்கு முப்பது வரை மிச்சம். சரியாகச் செய்தால் மகசூல் குறையாது. வியட்நாம் 2023 நவம்பரில் மேகாங் டெல்டாவில் பத்து லட்சம் ஹெக்டேரில் இப்படிப்பட்ட புகைகுறை நெல் சாகுபடிக்குத் திட்டம் போட்டுவிட்டது.

எந்த வயல் காய்ந்திருக்கிறது, எது நிறைந்திருக்கிறது என்று மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ரேடார் விண்கோள்கள் சொல்லும். மழை, மண், பயிரின் வயசு எல்லாவற்றையும் சேர்த்தால் வயலுக்கும் ஒரு இரட்டை பிறக்கும். இன்று பாய்ச்சலாமா, நாலு நாள் பொறுக்கலாமா என்று அது சொல்லும். நல்லதுதான். ஆனால் தண்ணீர் வடிந்தால் என்ன முளைக்கும்?

(கூட்டத்தில் பெண்கள்: களை!)

ஆம், களை. தண்ணீரைக் கட்டி வைப்பதே பாதி களைக்காகத்தான். இரட்டைப் பிள்ளையின் கணக்கில் தண்ணீர் இருக்கிறது, மீத்தேன் இருக்கிறது. குனிந்து களை எடுக்கும் முதுகு இருக்கிறதா? ஒரு களையெடுப்பு கூடினால் அந்த நாள் கூலி யார் கணக்கு? அதையும் எழுதிவிட்டுத்தான் "லாபம்" என்று போட வேண்டும். கூலி ஒழுங்காகக் கிடைத்தால் அது வேலைநாள். கிடைக்காவிட்டால் வெறும் சுமை. இன்னொன்று: நனைந்தும் காய்ந்தும் வரும் வயலில் யூரியாவை அள்ளிக் கொட்டினால் நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வேறொரு வாயு எழும். அது மீத்தேனைவிடப் பொல்லாதது. மீத்தேனை மட்டும் கணக்கெழுதி மற்றதை மறைத்தால் அந்த வரவுசெலவு பொய். அப்புறம் முறைப்பாசனம். மேல் மடையில் இருப்பவர் வடித்தால் கீழ் மடைக்காரர் வயலில் நிற்கும். ஒரு வயலின் இரட்டையால் ஆவது கொஞ்சம். வாய்க்காலுக்கே கணக்குப் போட்டு, மடைக்காரரும் குத்தகைக்காரரும் கூலிக்காரரும் உட்கார்ந்து பேசினால்தான் ஆகும்.

இதில் பணமும் நுழைந்துவிட்டது. வயலில் குறைந்த வாயுவைச் சீட்டாக்கி வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு விற்கிறார்கள். வாங்கியவன் அந்தச் சீட்டைக் காட்டித் தன் புகையை விடுவான். இந்தச் சீட்டுகளைப் பதிவு செய்யும் வெர்ரா என்ற ஸ்தாபனமே, சீனாவில் 37 நெல் வயல் திட்டங்களை 2024ல் நிராகரித்தது; விதிமுறைப்படி நிற்கவில்லை என்றது. காகிதத்திலும் கம்ப்யூட்டரிலும் ஒரு வயல் இருக்கலாம். வரப்பில் நின்று பார்க்கிறவன் சாட்சி சொன்னால்தான் அது வயல்.

அந்தச் சாட்சிக்கு ஒரு கருவி உண்டு. விலை அதிகமில்லை. ஒரு அடி நீளக் குழாய்த்துண்டு, பி.வி.சி. ஆனாலும் சரி, மூங்கில் ஆனாலும் சரி. கை நுழைகிற அகலம். சுற்றிலும் ஓட்டை போடுங்கள். பாதிக்குச் சற்று மேல் மண்ணுக்குள் போகும்படி நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை எடுத்துவிடுங்கள். வயலின் நீர்மட்டம் குழாய்க்குள் தெரியும். தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கும் வரை பயிருக்குப் பயமில்லை, வேர் எடுத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் பாய்ச்சுங்கள். நட்ட முதல் இரண்டு வாரமும், பூக்கும் சமயத்திலும் வடியவிடக் கூடாது. கம்ப்யூட்டர் சொல்வதும் குழாய் காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று தேதி போட்டு நோட்டில் குறியுங்கள். எத்தனை ஆள் எத்தனை நாள் களை எடுத்தார்கள் என்பதையும் அதே நோட்டில், அதே பக்கத்தில் எழுதுங்கள்.

இங்கே வாசல் ஓரமாக நாலு குழாய் ஓட்டை போட்டு வைத்திருக்கிறது. கிராமத்துக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போங்கள். மில் தோழர்கள் வரும் விடுமுறை நாளில் கடிகாரத்தோடு கம்பிரஸர் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, ஈரமானிகள் எங்கெங்கே தொங்குகின்றன என்று ஒரு படம் வரைந்துகொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.